இன்ஸ்பெக்டர் பிடிக்க வருபவரா, சொல்லித்தர வருபவரா?

போன பதிவு நீளம் என்று என் தங்கை மகள் குறைபட்டாள். இது அதைவிட நீளம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போடுகிறேன், காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். 1989இல் பத்தாவது முடித்தவன். ஐம்பதைத் தாண்டிவிட்டான், பேரன்கூட இருக்கிறான், ஆனாலும் எனக்கு அவன் "அவன்"தான். பனியன் தைக்கிற யூனிட் ஒன்று நடத்துகிறான். முப்பத்தைந்து பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பிரிண்ட் எடுத்த தாள்கள் ஒரு கட்டு.

"சார், புதுசா நாலு சட்டம் வந்திருக்காமுங்க. இருபத்தொம்பது சட்டத்தை எடுத்துட்டு நாலாக்கிட்டாங்களாம். எங்க கன்சல்டன்ட் ரெஜிஸ்டர் எழுதிக் கொண்டாருவாரு, நான் கையெழுத்துப் போடுவேன். உள்ள என்ன இருக்குதுன்னு இத்தனை வருசத்துல ஒருநாளும் படிச்சதில்லீங்க. நீங்கதான் படிச்சுச் சொல்லோணும்" என்றான்.

நான் வரலாற்று ஆசிரியர், வக்கீல் அல்ல. அதைச் சொன்னேன். அவன் விடவில்லை. தாளைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தான். முன்பு ஆய்வாளர் என்று இருந்த பதவிக்குப் புதுச் சட்டத்தில் ஆய்வாளரும் உதவியாளரும் சேர்ந்த மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சட்டத்தை எப்படிக் கடைப்பிடிப்பது என்று ஆலோசனை சொல்வதும் அவர் வேலையாம். சம்பளச் சட்டத்தில் முதல் தவறு என்றால் வழக்குப் போடும் முன் எழுத்து மூலம் சொல்லி, திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டுமாம்.

"இதென்னங்க சார், இன்ஸ்பெக்டர்னா பிடிக்க வர்றவரா, இல்ல சொல்லித்தர வர்றவரா?"

பள்ளிக்கூடத்தில் இவன் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. முப்பத்தாறு வருஷம் கழித்துக் கேட்ட முதல் கேள்வி இது. அதற்கு எனக்குத் தெரிந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பதில் இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்புரட்சிப் பாடத்தில் நூற்பு இயந்திரம், நீராவி எஞ்சின் எல்லாம் உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். அந்த ஆலைகளில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு நூல் முடிந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருப்பேன். புத்தகத்திலும் ஒரு வரிதான் இருந்தது. அதைத் தடுக்க 1802இலும் 1819இலும் சட்டம் போட்டார்கள். சட்டம் இருந்தது, போய்ப் பார்க்க ஆள் இல்லை. 1802ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூர் நீதிபதிகள் ஊரிலேயே இரண்டு பேரைப் பார்வையாளராக நியமிக்க வேண்டும், ஒருவர் பாதிரியார். ஊர்ப் பெரிய மனிதரின் ஆலைக்குள் அதே ஊர்ப் பாதிரியார் போய் என்ன குறை எழுதிவிடப் போகிறார்? நம் ஊர் நிலவரத்தை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம்.

1833இல்தான் வேறு மாதிரியான சட்டம் வந்தது. துணி ஆலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது (பட்டு ஆலைக்கு மட்டும் விலக்கு). ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயதுவரை வாரத்துக்கு 48 மணி நேரம்தான். பதினெட்டு வயதுவரை வாரத்துக்கு 69 மணி நேரம், இரவு வேலை கிடையாது. சின்னப் பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரம் பள்ளிக்கூடம் போக வேண்டும். இதையெல்லாம் பார்க்க அரசாங்கமே சம்பளம் கொடுத்து நான்கு ஆய்வாளர்களை நியமித்தது. பிரிட்டன் முழுவதும் இருந்த ஆயிரக்கணக்கான ஆலைகளுக்கு நான்கே பேர்.

அந்த நால்வரில் ஒருவரான ராபர்ட் ரிக்கார்ட்ஸ் நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் அரசாங்கத்தில் இருந்துவிட்டுப் போனவர். ஆனால் எனக்கு இஷ்டமானவர் லெனார்ட் ஹார்னர். எடின்பரோவில் லினன் துணி வியாபாரியின் மகன். தொழிலால் இவர் போலீசும் இல்லை, வக்கீலும் இல்லை. மண்ணையும் பாறையையும் ஆராய்கிற நிலவியலாளர். புகழ்பெற்ற நிலவியலாளர் சார்லஸ் லயல் இவருடைய மருமகன். 1821இல் எடின்பரோவில் தொழிலாளர்களுக்காக மாலை நேர அறிவியல் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர், அதுதான் வளர்ந்து இன்றைக்கு ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம். ஆக, அடிப்படையில் நம்ம ஆள். பள்ளிக்கூடம் கட்டுகிற ஆள்.

அவர் வேலையில் சேர்ந்ததும் என்ன செய்தார் தெரியுமா? 1834இல் ஒரு சிறு புத்தகம் எழுதி வெளியிட்டார். தொழிற்சாலைச் சட்டத்தின் விளக்கம், அவ்வளவுதான் புத்தகம். சட்டம் ஏன் வந்தது, யார் யாருக்குப் பொருந்தும், ஆலைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினார். என் மாணவன் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்த கட்டுக்கு அன்றைய பதில் அதுதான். ஊர் ஊராகப் போய் ஆலை முதலாளிகளைச் சந்தித்துப் பேசவும் செய்தார். புரிய வைத்தால் பெரும்பாலானோர் கேட்பார்கள் என்று நம்பினார்.

அவர் நம்பிக்கை முழுவதும் பொய்யாகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சட்டத்தை வரவேற்ற ஆலைக்காரர்களும் இருந்தார்கள். "நான் பிள்ளைகளை எட்டு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்புகிறேன், பக்கத்து ஆலைக்காரன் பதினான்கு மணி நேரம் வாட்டி என்னைவிட மலிவாக நூல் விற்கிறான்" என்பது அவர்களுடைய வயிற்றெரிச்சல். எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தும் சட்டம் நல்ல முதலாளிக்குத்தான் முதல் பாதுகாப்பு. இதை என் மாணவனிடம் சொன்னபோது சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். "கரெக்டுங்க சார். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் கட்டறவனுக்குத்தான் ரேட் கட்டுப்படியாகறதில்ல" என்றான்.

இனித்தான் சிக்கல். சட்டம் வயதை வைத்து நிற்கிறது. வயதை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கிலாந்தில் பிறப்பைப் பதிவுசெய்யும் அரசாங்க ஏற்பாடே 1837இல்தான் வந்தது. ஸ்காட்லாந்தில் 1855இல். ஆகவே 1833ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொன்னது என்றால், ஒரு மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருக்கவேண்டிய உடல்வாகும் தோற்றமும் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஆளைப் பார்த்து வயது சொல்வது! தாய் தகப்பனோ பிள்ளை சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்று ஒரு வயது கூட்டிச் சொல்வார்கள். முதலாளிக்கும் அதுவே வசதி. மருத்துவருக்கும் கட்டணம் வந்துவிடும். மூன்று பேருக்கும் சௌகரியமான பொய்.

உயரத்தை அளந்து பார்க்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. ஹார்னரும் அதில் ஈடுபாடு காட்டினார். 1837இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, எந்தப் பல் முளைத்திருக்கிறது என்பதைக் கொண்டு வயதைச் சொல்வது உயரத்தைவிட நம்பகமானது என்று ஒரு புத்தகம் எழுதி நாடாளுமன்றத்துக்குச் சமர்ப்பித்தார். பிற்காலத்தில் இவரே விக்டோரியா மகாராணிக்குப் பல் மருத்துவரானார்.

சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேரை ஒன்றாம் வகுப்பில் எப்படிச் சேர்த்தோம்? "கையைத் தலைக்கு மேல வளைச்சு அந்தப் பக்கத்துக் காதைத் தொடு" என்றோம். விரல் காதை எட்டினால் ஐந்து வயது. எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம் வா. எட்டியவர்களுக்கு மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைப் போட்டு, பிறந்த நாளை ஆசிரியரே நிர்ணயித்தோம். அந்தத் தேதியை வைத்துத்தான் நீங்கள் வேலைக்குப் போனீர்கள், அதை வைத்தே ரிட்டையர் ஆகப்போகிறீர்கள். என் சொந்தத் தம்பி இப்படி ஒரு வருஷம் முன்னதாக ஓய்வுபெற்று, எங்கள் ஒன்றாம் வகுப்பு வாத்தியாரை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறான்.

ஹார்னரின் அறிக்கைகளில் என்னை உறுத்திய பகுதி பள்ளிக்கூடச் சான்றிதழ் பற்றியது. ஆலைப் பிள்ளை போன வாரம் பள்ளிக்கு வந்தான் என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்தால்தான் இந்த வாரம் வேலைக்கு வைக்கலாம். பள்ளிச் செலவுக்குப் பிள்ளையின் கூலியில் ஒரு ஷில்லிங்குக்கு ஒரு பென்னி வரை பிடித்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதானே? ஆனால் ஆசிரியர் என்பவர் யார் என்று சட்டம் சொல்லவில்லை. ஆலைக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவரே "ஆசிரியர்", கரி அறையே "பள்ளிக்கூடம்" என்று நடந்த இடமும் உண்டு. சான்றிதழில் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருக்கல் குறி போட்ட ஆசிரியர்கள் உண்டு. அப்படி ஒருவரைப் பார்த்து ஹார்னர், ஐயா உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டாராம். ஏதோ கொஞ்சம் தெரியும் என்று அவர் சொல்லிவிட்டு, எப்படிப் பார்த்தாலும் என் பிள்ளைகளைவிட நான் முன்னால்தானே இருக்கிறேன் என்றாராம்.

1844இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சான்றிதழை ஆசிரியர் தன் கையாலேயே நிரப்ப வேண்டும், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தகுதியில்லாதவர் கொடுத்தால் அது செல்லாது என்று சொல்லும் அதிகாரம் ஆய்வாளருக்கு வந்தது. ஆலைப் பிள்ளைகளுக்கு அரை நாள் வேலை, அரை நாள் படிப்பு என்றாயிற்று. பேரம் பேசியதில் வேலைக்குச் சேரும் வயது ஒன்பதிலிருந்து எட்டாகக் குறைந்ததையும் சொல்லிவிட வேண்டும். சட்டங்கள் எப்போதும் முன்னோக்கியே நடப்பதில்லை. அதே சட்டத்தில்தான் இயந்திரங்களுக்குத் தடுப்புப் போட வேண்டும் என்பதும், சட்டச் சுருக்கத்தை ஆலையில் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கவிட வேண்டும் என்பதும் வந்தன. நம் ஊர் மில் கேட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மஞ்சளடித்துப் போய் ஒரு தாள் தொங்குமே, பூட்டிய கண்ணாடிக்குள் யாரும் படிக்க முடியாத சின்ன எழுத்தில்? அதன் பாட்டன் இதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருஷமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது.

1983இல் எனக்கு இருபத்தாறு வயது. முதலில் வேலை பார்த்த பள்ளி. ஒருநாள் தலைமை ஆசிரியர் விடுப்பு, பொறுப்பு என்னிடம். ஒரு தகப்பனார் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் என் வகுப்புதான், ஏழாவது. பதிவேட்டின்படி பன்னிரண்டு வயது. மில்லில் சேர்த்துக்கொள்கிறார்களாம், பதினாலு முடிந்தது என்று ஒரு தாள் வேண்டுமாம். அவருக்கு உடம்பு முடியவில்லை, வீட்டில் இரண்டு பெண்கள். "வாத்தியாரய்யா, உங்க கையெழுத்துல எங்க அடுப்பு எரியும்" என்றார். பள்ளி முத்திரை மேசையில் இருந்தது. நான் எழுதிக் கொடுத்தேன். அழகான கையெழுத்து, முழுப் பெயர். ஹார்னர் பார்த்திருந்தால் எந்தக் குறையும் சொல்லியிருக்க முடியாது.

அந்தப் பையனைப் பதினைந்து வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். ஓடிவந்து கும்பிட்டான். கும்பிட்ட கையில் இரண்டு விரல் இல்லை. மில்லில் சேர்ந்த இரண்டாம் வருஷம் இயந்திரத்தில் மாட்டியதாம். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவன்தான் பேசினான். பக்கத்தில் நின்ற மனைவியிடம், "இவருதான் எங்க சாரு. அன்னைக்கு இவரு எழுதிக் குடுக்காட்டி எங்க குடும்பமே இல்ல" என்றான். அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் சிலர் நீங்களும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். நான் யாரையும் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

ஹார்னருக்கு வருகிறேன். புரிய வைத்தால் போதும் என்று ஆரம்பித்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். காரணம், எல்லாரும் தெரியாமல் தவறு செய்யவில்லை. தெரிந்தேதான் செய்தார்கள். அபராதம் ஒரு பவுனிலிருந்து இருபது பவுன் வரை. அபராதத்தைக் கட்டிவிட்டு அதே தவறைத் தொடர்ந்தாலும் லாபம் மிஞ்சும் என்றால் யார் திருந்துவார்கள்? வழக்கு போட்டால் தீர்ப்பு சொல்லும் உள்ளூர் நீதிபதியும் பல ஊர்களில் ஓர் ஆலைக்காரர், அல்லது ஆலைக்காரரின் உறவினர். 1847இல் பெண்களுக்கும் பதினெட்டுக்குக் கீழானவர்களுக்கும் பத்து மணி நேர வேலை என்று சட்டம் வந்தது. உடனே ஆலைக்காரர்கள் பிள்ளைகளை ஷிஃப்ட் மாதிரி மாற்றி மாற்றி உள்ளே விட்டு வெளியே விட்டு, யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று எவராலும் கணக்கெடுக்க முடியாதபடி குழப்பினார்கள். அப்போது உள்துறை அமைச்சர், இதற்கெல்லாம் வழக்குப் போட வேண்டாம் என்று ஆய்வாளர்களுக்குச் சொன்னார். ஹார்னர் தன் பகுதியில் வழக்குகளைத் தொடர்ந்தார். 1850இல் நீதிமன்றம் ஆலைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு, காலை ஆறிலிருந்து மாலை ஆறுக்குள்தான் வேலை என்று பெண்களுக்கும் இளையவர்களுக்கும் கடிகார நேரத்தையே நிர்ணயித்தது. இன்ன மணிக்கு ஆரம்பம், இன்ன மணிக்கு முடிவு என்றால் வாசலில் நின்றே கணக்குப் பார்த்துவிடலாம் அல்லவா? சட்டம் எளிமையாக இருந்தால்தான் கடைப்பிடிக்கவும் முடியும், மீறினால் பிடிக்கவும் முடியும் என்பதை அவர்கள் கற்றுக்கொள்ள பதினேழு வருஷம் ஆயிற்று.

இயந்திரத் தடுப்பு விஷயத்தில் இன்னும் பெரிய சண்டை. 1855இல் மான்செஸ்டரில் ஆலைக்காரர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தடுப்புப் போடச் சொல்லும் ஆய்வாளர்களை எதிர்ப்பது அதன் நோக்கம். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில், இது தொழிலாளிகளைச் சிதைப்பதற்கான சங்கம் என்று பொருள்படும்படி ஒரு பட்டப் பெயர் வைத்து அதைக் கிழித்தார். எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ, அரசாங்கம் தேவையில்லாமல் தலையிடுகிறது என்று ஆலைக்காரர்களுக்கு ஆதரவாக ஒரு புத்தகம் எழுதினார். இரண்டு பேருமே ஏழைகள் மேல் அக்கறை உள்ளவர்கள். வகுப்பில் இதை ஒரு விவாதமாக நடத்தியிருக்கலாம், அப்போது எனக்கு இது தெரியாது.

ஹார்னர் 1859இல், எழுபத்து நான்கு வயதில் ஓய்வுபெற்றார். அவரும் மற்ற ஆய்வாளர்களும் அரை வருஷத்துக்கு ஒருமுறை எழுதிய அறிக்கைகளை வரிவரியாகப் படித்தவர் கார்ல் மார்க்ஸ். அரசாங்க அதிகாரிகளை லேசில் பாராட்டாத அவர், ஹார்னரைப் பற்றி மட்டும் மிக உயர்வாக எழுதி வைத்திருக்கிறார்.

இனி நம் நாடு. இங்கே சட்டம் வந்த கதை சுத்தமான கதை அல்ல. பம்பாயில் நூற்பாலைகள் பெருகப் பெருக, லங்காஷயர் ஆலைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. எங்களுக்கு இத்தனை கட்டுப்பாடு இருக்கிறது, இந்திய ஆலைக்கு மட்டும் ஏன் இல்லை என்று அங்கிருந்தே நெருக்கினார்கள். 1875இல் பம்பாயில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். எல்லாமே வெள்ளைக்காரர்களின் சுயநலம் என்று சொல்லிவிடவும் முடியாது. சொராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி என்ற பம்பாய்ப் பார்சிக்காரர் 1878இல் தானே ஒரு மசோதா எழுதிக்கொண்டு போராடினார். கடைசியில் 1881இல் முதல் சட்டம் வந்தது. இயந்திர விசையில் ஓடும், நூறு பேருக்குக் குறையாத ஆலைகளுக்கு மட்டும். ஏழு வயதுக்குக் கீழே கூடாது, பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரம், மாதத்துக்கு நான்கு நாள் விடுமுறை. ஏழு வயது! இங்கிலாந்து 1833இல் ஒன்பதில் ஆரம்பித்தது, நமக்கு அரை நூற்றாண்டு கழித்து ஏழு.

தனி ஆய்வாளர் இல்லாத இடத்தில் மாவட்ட மாஜிஸ்திரேட்டே ஆய்வாளர். அவருக்கு நில வரி, கொள்ளை, காலரா எல்லாம் பார்த்தது போக ஆலைக்குப் போக நேரம் ஏது? ஆகவே நாமும் இங்கிலாந்தின் பழைய பாதையிலேயே, அதே தவறுகளைச் செய்துகொண்டு போனோம். 1891இல் ஒன்பது வயதாயிற்று. 1922இல் பன்னிரண்டு வயதும், வாரத்துக்கு 60 மணி நேரமும். 1934இல் 54 மணி. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில்தான் பதினான்கு வயது, 48 மணி நேரம். அந்தச் சட்டத்தில் இளம் வயதினருக்குச் சான்றளிக்கும் மருத்துவர் என்று ஒருவர் வருகிறார். பிள்ளையைப் பரிசோதித்து, வயதையும் உடல் தகுதியையும் பார்த்து எழுதிக் கொடுப்பவர். 1833இன் மருத்துவர் கப்பலேறி வந்து நம் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். பதினாலு முடிந்து பதினைந்து முடியாத பிள்ளைக்கு நாலரை மணி நேர வேலை என்பதும் 1844இன் அரை நாள் கணக்கின் வாரிசுதான்.

என் மாணவனின் கேள்விக்கு நேரான பதில் 1947இல் இருக்கிறது. அந்த வருஷம் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, தொழிலாளர் ஆய்வு பற்றி 81ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. ஆய்வாளரின் வேலை என்ன என்று அதில் மூன்று சொல்கிறார்கள். சட்டத்தை நிறைவேற்ற வைப்பது. சட்டத்தைக் கடைப்பிடிக்க நல்ல வழி எது என்று முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகவலும் ஆலோசனையும் தருவது. சட்டத்துக்குள் வராத கொடுமை ஏதாவது கண்ணில் பட்டால் அரசாங்கத்துக்குச் சொல்வது. இந்தியா இதை ஏற்று உறுதிசெய்தது 1949 ஏப்ரல் 7. நம் தொழிற்சாலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஏப்ரல் 1. ஆக, சொல்லித்தருவது புதுச் சட்டம் கண்டுபிடித்த விஷயம் இல்லை. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஆய்வாளரின் கடமையாகவே இருந்தது. நாம் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

புதுச் சட்டத்தைப் பற்றித் தொழிற்சங்கக்காரர்களுக்குப் பயம் இருக்கிறது. ஆலோசனை சொல்கிறேன் என்று கம்பைக் கீழே போட்டுவிடுவார்களோ என்று. அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன், ஹார்னரின் இருபத்தாறு வருஷம் அதைத்தான் காட்டுகிறது. புத்தகம் எழுதித்தான் ஆரம்பித்தார், நீதிமன்றப் படிக்கட்டில்தான் பாதி நாள் கழிந்தது. அதே சமயம், முப்பத்தைந்து பேரை வைத்து யூனிட் நடத்தும் ஒருவன் இருபத்தொன்பது சட்டத்தையும் தானாகப் படித்துத் தெரிந்துகொள்வான் என்று எதிர்பார்த்ததும் நியாயம் இல்லை. தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும், தெரிந்தே செய்பவனைப் பிடிக்கவும் ஒரே ஆள் வேண்டும். வகுப்பாசிரியர் வேலையும் அதுதானே?

இதையெல்லாம் மாணவனிடம் சொல்லி முடித்தேன். இனி சேருகிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்ற பகுதியையும் காட்டினேன். தாள்களைப் பைக்குள் வைத்தான், எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ஒடிசாப் பையன் ஒருத்தன் இருக்கானுங்க. கஞ்சம் ஜில்லா. பீஸ் எடுத்து அடுக்கற வேலை. அவன் மாமன் கூட்டிட்டு வந்தான். ஆதார்ல ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரத்து ஏழுன்னு இருக்குது. பார்த்தா மீசைகூட வரலீங்க. கன்சல்டன்ட் ஆதார் இருந்தாப் போதும்ங்கறாரு."

ஜனவரி முதல் தேதி. தேதி தெரியாதவர்களுக்கு ஆதாரில் விழும் தேதி. எங்கள் ஜூன் மாதம் மாதிரி. ஆதார் வயதுக்குச் சான்று ஆகாது, பள்ளிச் சான்றிதழ்தான் செல்லும் என்ற கருத்தில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருப்பதை அவனுக்குச் சொன்னேன். சிறார் நீதிச் சட்டத்திலும் முதலில் பள்ளிச் சான்று, அடுத்து பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பைப் பார்த்து மருத்துவர் வயது சொல்வது. பையன் எந்தப் பள்ளியில் படித்தான் என்று கேள் என்றேன். அந்த இரண்டு விரல் கதையையும் அப்போதுதான் சொன்னேன். அவனுக்கு அந்தப் பையனைத் தெரியும், இவன் ஊருக்குப் பக்கத்து ஊர்தான். ஆனால் விரல் போன காரணம் தெரியாது.

மூன்று நாள் கழித்து போன் செய்தான். பள்ளிக்கூட நம்பர் இன்னும் கிடைக்கவில்லையாம். பையனை விட்டே அவன் அம்மாவுக்குப் போன் போடச் சொல்லிப் பேச வைத்திருக்கிறான். பிறந்த வருஷம் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆனால் பைலின் புயல் வந்த ராத்திரி இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியது ஞாபகம் இருக்கிறதாம். பைலின் கஞ்சம் கடற்கரையில் கரையேறியது 2013 அக்டோபர் 12. ஆதார் கணக்குப்படி அன்றைக்குப் பையனுக்கு ஆறு வயது முடிந்து பத்து மாதம் ஆகப்போகிறது.

"ஏழு வயசுப் பையனை யாருங்க சார் இடுப்புல தூக்கிட்டு ஓடுவாங்க?" என்றான்.

மாமன் சண்டை போடுகிறானாம். பையன் அழுகிறானாம், ஊருக்கு அனுப்பாதீர்கள், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று. கன்சல்டன்ட் பேசாமல் இருங்கள் என்கிறார். இவன் பையனை மெஷின் பக்கம் விடாமல், விஷயம் தெரியும் வரை சம்பளத்தைப் பிடிக்காமல் அறையில் இருக்கச் சொல்லியிருக்கிறான். நாளைக்குத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் தானே நேரில் போய், இந்த மாதிரி இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கப்போவதாகச் சொன்னான். இத்தனை வருஷத்தில் அந்த அலுவலகப் படி ஏறியதில்லையாம்.

"நீங்களும் வர்றீங்களா சார்?" என்றான்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கஞ்சம் மாவட்டப் பள்ளிகளில் யாருக்காவது ஆசிரிய நண்பர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.